பட்டன் பக்கம்

கம்பெனிக்கு ஒரு விசாரணை வந்தது.
பேஸ்பால் கையுறை, ஆயிரம் ஜோடி,
பத்து நாளில் சாம்பிள்.
ஜோடி கிடையாது, ஒற்றைக் கைக்குத்தான் என்று
விளங்கவே நிசார் சாருக்கு அரைநாள் ஆனது.
"பழசெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு
நெட்ல பாரும்மா" என்றார்.
பார்த்தேன்.

முத்துக்கடையில் இறங்கி
காரைக்கு நடக்கிற வழியெல்லாம் பார்த்தேன்.
அக்னி நட்சத்திரத்து ராத்திரி
மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துப் படுத்தபடி
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடல் தாண்டி ஏதோ ஓர் ஊர் நூலகம்
முன்னும் பின்னும் படமெடுத்து வைத்திருக்கிறது,
பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் சீட்டு.
சிகரெட் நசுங்காமலிருக்கப்
பெட்டிக்குள் செருகிய அட்டையாம்.
சிகரெட் புகைந்து, புகைத்தவர்களும் போய்,
அட்டை மட்டும்
மூலை மழுங்கிக் கிடக்கிறது.

ஆட்டம் எனக்குத் தெரியாது.
ஒருவன் எறிகிறான். ஒருவன் அடிக்கிறான்.
அடித்தவன் மட்டையை வீசிவிட்டு ஓடுகிறான்.
"மட்டையை வீசிட்டா?" என்றான் தம்பி.
கிரிக்கெட் பைத்தியம்,
அத்தோடு எழுந்து கீழே போய்விட்டான்.

முகங்களை நான் பார்க்கவில்லை.
தோலைப் பார்த்தேன்.
வண்ணம் பூசிய சீட்டில் தோல் வெறும் காவி.
புகைப்படச் சீட்டில்தான் பேசும்.
பெரிதாக்கினால்
கழுத்துப்பக்கத் தோலை
உள்ளங்கைக்கு வெட்டியிருக்கிறார்கள்,
சுருக்கம் சுருக்கமாய்.
நானாயிருந்தால் ரிஜெக்ட் பெட்டிதான்.

நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாம் சீட்டு,
எல்மர் ஹாஸ்கின்ஸ்.
காது கொஞ்சம் பெரிது.
வலது கையில் கையுறை.
கீழே குறிப்பு: இடது கையால் எறிபவர்.

எனக்கு உறுத்தியது அவன் சட்டை.
வலப்பக்கம் மேலே, இடப்பக்கம் கீழே.
அது பெண்பிள்ளை பட்டன்.
அதே அணியில் மற்ற பதினொரு பேரையும் தேடினேன்.
பதினொன்றும் இடப்பக்கம் மேலே.

மூன்று வருஷத்துக்கு முன்
இருநூற்று நாற்பது ஆண் ஜாக்கெட்
இப்படித்தான் பட்டி மாறி
ஹாம்பர்க் வரை போய்த் திரும்பியது.
செக்கிங் கையெழுத்து என்னுடையது.
அந்த மாசம் பாதிச் சம்பளம்.
அன்றிலிருந்து கல்யாண வீட்டிலும்
மாப்பிள்ளை முகத்துக்கு முன்னால்
பட்டனைத்தான் பார்க்கிறேன்.

எல்மர் இடது கைக்காரன் இல்லை.
படத்தைத் திருப்பிப் போட்டு அடித்துவிட்டான்
எந்த அச்சகத்துப் பையனோ, எந்தத் தூக்கத்திலோ.

திருத்தம் சொல்ல ஒரு படிவம் இருந்தது.
என் இங்கிலீஷ் டிஸ்பாட்ச் சீட்டு இங்கிலீஷ்.
ஹாம்பர்க்காரன் அன்றைக்கு எங்களுக்கு எழுதிய
புகார்க் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு
அதே கறாரில் எழுதினேன்.
'உடனடியாக' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டேன்.
அவன் செத்து எத்தனையோ வருஷம்,
என்ன அவசரம்.

கையுறை ஆர்டர் ஜலந்தருக்குப் போனது.
செய்த சாம்பிளை நிசார் சார்
மேசையில் பேப்பர் பறக்காமல் வைத்திருக்கிறார்.

ஆறாவது வாரம் பதில் வந்தது.
அச்சானது அச்சானதுதான், சீட்டு அப்படியே இருக்கும்,
குறிப்பை மாற்றிவிட்டோம், நன்றி.
போய்ப் பார்த்தேன்.
வலது கையால் எறிபவர்.
படம் தலைகீழ் அல்ல, இடவலம் மாறியது.
கண்டுபிடித்துச் சொன்னவர்
ராணிப்பேட்டை, தேவநீசம்.

அங்கே ஒரே ஓர் எழுத்துப் பிசகுதான்.
இங்கே வாசித்தால்
நேசம் நீசமாகிவிடுகிறது.
ஞானஸ்நானத்தில் அய்யர் மூன்று முறை கூப்பிட்ட பெயர்.
தம்பிக்குக் காட்டினால்
ஆயுசுக்கும் அப்படியேதான் கூப்பிடுவான்.
காட்டவில்லை.

மறுபடி அந்தப் படிவத்தைத் திறந்து
பெயர்க் கட்டத்தில் விரலை வைத்திருந்தேன்.
கம்பெனி பஸ் பாலாற்றுப் பாலம் ஏறியது.
கீழே மணல். வெளியே இன்னும் இருட்டு.
ஜன்னல் கண்ணாடியில் ஒருத்தி
இடத்தோளில் டிபன் பையோடு உட்கார்ந்திருந்தாள்.
என் பை வலத்தோளில்.
அவளும் எதையோ
அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.